காற்று என்று எந்தச் சான்றிதழிலும் இல்லையே?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வடசென்னைக் காற்றைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். காற்று மாசால் இந்தியாவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் சாகிறார்கள் என்கிறீர்கள். என் அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனார். சுகர் இருந்தது, பீடியும் பிடிப்பார். சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கிறது. தாத்தாவோ இதே ஊரில், இதே காற்றில் 86 வயது வரை நன்றாக இருந்தார். காற்றால் செத்தவர் இவர் என்று ஒருவரையாவது காட்ட முடியுமா? காற்று மாசால் மட்டுமே மரணம் என்று நிறுவத் தரவு இல்லை என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டதே? வெளிநாட்டு ஆய்வை நம் ஊருக்குப் பொருத்துவது சரியா? இன்னொன்று. என் மகளுக்கு ஏழு வயது, வீசிங் இருக்கிறது. வீடு மாறச் சொல்கிறார்கள். மாறினால் பலன் உண்டா?

ர.
திருவொற்றியூர்

அன்புள்ள ர.,

அப்பாவிலிருந்தே தொடங்குகிறேன். அவருடைய மாரடைப்பில் காற்றுக்கு எவ்வளவு பங்கு என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பீடிக்கு எவ்வளவு, சுகருக்கு எவ்வளவு என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் போய்ச் சேருவது அதே ரத்தக்குழாய்களில்தான். ஆனாலும் பீடி ஆயுளைக் குறைக்கும் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்காது. புகைப்பவர்களையும் புகைக்காதவர்களையும் ஆயிரக்கணக்கில், பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததால் வந்த உறுதி அது. காற்றுக்கும் அதே வழியில்தான் விடை தேடினார்கள்.

1970களின் எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்க மின் நிலையங்கள் மறுபடி நிலக்கரிக்குத் திரும்பிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. திரும்பினால் மக்கள் உடம்புக்கு என்ன ஆகும் என்று பார்க்க, ஹார்வர்டில் பெஞ்சமின் ஃபெரிஸும் ஃபிராங்க் ஸ்பைசரும் ஆறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கோடியில் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்டூபென்வில், எஃகு ஆலைகள் நிறைந்த ஊர். இன்னொரு கோடியில் விஸ்கான்சினின் போர்டேஜ், சுற்றிலும் விவசாய நிலம். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் எவ்வளவு புகைக்கிறீர்கள், தூசு படும் வேலையா, எதுவரை படித்தீர்கள் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எடை பார்த்தார்கள், குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளந்தார்கள். அப்புறம் 14 முதல் 16 ஆண்டுகள், யார் உயிரோடு இருக்கிறார், யார் இறந்தார் என்று விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். ஊரின் காற்றையும் அளந்துகொண்டே இருந்தார்கள். இந்தப் பொறுமையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இளைஞராக இந்த வேலையில் சேர்ந்தவர், முடிவைப் பார்ப்பதற்குள் நடுவயதைத் தொட்டிருப்பார்.

அந்தக் குழுவின் டக்ளஸ் டாக்கரியும் கூட்டாளிகளும் 1993 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். அதற்குள் ஆய்வில் சேர்க்கப்பட்ட மக்களில் 1,400 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். வயது, புகை, உடல் எடை, படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், போர்டேஜைவிட ஸ்டூபென்வில்லில் இறப்பு விகிதம் 26 சதவீதம் கூடுதல். நடுவில் இருந்த நான்கு ஊர்களும் ஏறக்குறைய நுண்துகள் அளவின் வரிசைப்படியே அமைந்திருந்தன. நுண்துகள் என்பது பிஎம் 2.5, தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. கூடுதலாக இருந்த இறப்புகள் இதயம், நுரையீரல் சார்ந்தவை. மற்ற நோய்களால் இறந்தவர்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு தெரியவில்லை. நீங்கள் கேட்கும் சான்றிதழ்கள் அவர்கள் கையிலும் இருந்தன. அவற்றிலும் இதயநோய் என்றும் நுரையீரல் புற்றுநோய் என்றும்தான் எழுதியிருந்தது. தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் தெரியாது. ஊர்வாரியாக அடுக்கி, பக்கத்தில் காற்றின் அளவை வைத்தபோதுதான் தெரிந்தது.

உங்கள் சந்தேகத்தை அமெரிக்கத் தொழில் நிறுவனங்களும் எழுப்பின, ரொம்பக் கடுமையாகவே. 1995இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வும் அதே திசையைக் காட்டியது. 1997இல் அரசு நுண்துகளுக்கு முதல்முறையாக வரம்பு விதித்தது. உடனே, தரவைக் கொடு, நாங்களே பார்க்கிறோம் என்று நெருக்கடி. ரகசியம் காப்போம் என்று மக்களுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் ஆய்வாளர்களால் அப்படித் தூக்கிக் கொடுக்க முடியவில்லை. கடைசியில் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பிடம் மறு ஆய்வை ஒப்படைத்தார்கள். அதன் செலவில் பாதி அரசுடையது, பாதி வாகன உற்பத்தியாளர்களுடையது. டேனியல் க்ரூஸ்கி தலைமையில் ஒரு குழு மூலத் தரவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தது. 2000இல் வந்த அந்த அறிக்கையும் பழைய முடிவையே உறுதிசெய்தது. இத்தனை பேர் உடைக்கப் பார்த்தும் உடையாமல் நின்ற ஆய்வு இது. அதனால்தான் அதன் மேல் எனக்கு நம்பிக்கை.

பீடியைக் கழித்துவிட்டோம் என்கிறார்களே, சரியாகக் கழித்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைப் பாருங்கள். புகையைத் தவிர்க்கும் மார்மன் என்ற மதப்பிரிவினர் நிறைந்த யூட்டா பள்ளத்தாக்கில் புகைப்பவர்கள் மிகக் குறைவு. அங்கே ஒரு பெரிய எஃகு ஆலை 1986 ஆகஸ்டில் மூடப்பட்டு 1987 செப்டம்பரில் மறுபடி திறந்தது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் மருத்துவமனைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் சேர்க்கப்பட்ட குழந்தைகள், மூடியிருந்த குளிர்காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஊர் அதேதான், குழந்தைகளும் அதே ஊர்க் குழந்தைகள். இடையில் மாறியது ஆலையின் புகை.

தாத்தாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டூபென்வில்லிலும் தொண்ணூறு வயதுக்காரர்கள் இருந்திருப்பார்கள். ஆய்வு சொல்வது ஊரின் கணக்கு.

ஒருவரையாவது காட்ட முடியுமா என்று கேட்டீர்கள். காட்டலாம், ஆனால் அதற்கு ஒரு தாய் ஏழாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தெற்கு லண்டனில் வாகன நெரிசல் மிகுந்த சவுத் சர்க்குலர் சாலைக்கு அருகில் வசித்தவள். கடுமையான ஆஸ்துமாவோடு திரும்பத் திரும்ப மருத்துவமனையில் கிடந்து 2013 பிப்ரவரியில் இறந்தாள். முதல் விசாரணையில் காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. தாய் ரோசமண்ட் விடவில்லை. 2020 டிசம்பரில், மரண விசாரணை அதிகாரி காற்று மாசையும் அவளுடைய இறப்புக்கு ஒரு காரணமாகப் பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படிப் பதிவானது அதுவே முதல்முறை. எத்தனை குழந்தைகளின் பெற்றோரால் இவ்வளவு தூரம் போக முடியும்?

நாடாளுமன்றப் பதிலுக்கு வருகிறேன். காற்றால் ‘மட்டுமே’ என்று நிபந்தனை போட்டுவிட்டால் உலகத்தில் எதையுமே நிறுவ முடியாது. அந்த அளவுகோலை வைத்தால் பீடியும் குற்றமற்றது, சாராயமும் குற்றமற்றது. மக்களுக்குப் பொறுப்பான ஓர் அரசு இந்தப் பதிலை ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

வெளிநாட்டு ஆய்வு என்ற தடையும் இப்போது இல்லை. சுகந்தி ஜெகநாதனும் கூட்டாளிகளும் இந்தியாவின் 655 மாவட்டங்களில் 2009 முதல் 2019 வரையிலான இறப்புகளை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு, லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் 2024 டிசம்பரில் வந்தது. ஆண்டுச் சராசரி நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 8.6 சதவீதம் கூடுகிறது என்கிறது அது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான 5 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டால், ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் இறப்புகள். நான் எழுதிய ‘லட்சக்கணக்கானோர்’ அங்கிருந்துதான் வந்தது. சென்னையிலும் டெல்லியிலும் 2010 முதல் சுமார் 12,000 பேரைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வும் இருக்கிறது. நுண்துகள் கூடுதலாக இருந்த சூழலில் ரத்தச் சர்க்கரையும் கூடியது, புதிதாகச் சர்க்கரை நோய் வருவதும் கூடியது என்று அதன் முடிவுகள் 2023இல் வெளியாயின. ஆக, சுகரையும் காற்றையும் முழுக்க வேறு வேறாக வைத்துப் பேசுவதும் கடினம்.

ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு ஊர்களில் மிக மோசமான ஸ்டூபென்வில்லின் சராசரி 29.6 மைக்ரோகிராம். இந்தியா 2009இல் விதித்து இன்றும் வைத்திருக்கும் ஆண்டு வரம்பு 40. அதாவது 26 சதவீதம் கூடுதலாக மக்கள் செத்த ஊரின் காற்று, நம் சட்டப்படி நல்ல காற்று. இந்த வரம்பைக் குறைக்க வேண்டும் என்பதுதான் என் முதல் கோரிக்கை. இன்னும் நீண்ட இந்திய ஆய்வுகள் வரட்டும், வரவேண்டும். அதுவரை காத்திருப்போம் என்பது மட்டும் கூடாது.

இனி மகள். தெற்குக் கலிபோர்னியாவில் 1990களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் ஊதவைத்து அளந்து வந்திருக்கிறார்கள். மாசு மிகுந்த ஊர்ப் பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி குறைவாக இருந்தது. துகள் குறைவான ஊருக்குக் குடிபோன பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் கூடியது. ஆகவே பலன் உண்டு. இன்னொரு செய்தி அதைவிடப் பெரிது. வாகனங்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டுப்பாடு வந்து அங்கே காற்று சுத்தமாக, நுரையீரல் திறன் குறைந்த 15 வயதுப் பிள்ளைகளின் பங்கு 7.9 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதமாக இறங்கியது. அதற்காக அந்தப் பிள்ளைகள் வீடு மாறவில்லை.

நம் பக்கம் அது நடக்கும்வரை நீங்கள் செய்யக்கூடியது: மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பழகிவிடும் என்று பயந்து நிறுத்தாதீர்கள். வீட்டுக்குள் கொசுவத்தியும் பீடியும் வேண்டாம். வீடு மாறுவதானால் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையிலிருந்து அரை கிலோமீட்டராவது தள்ளிப் பாருங்கள். கலிபோர்னியாவில் பெருஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வசித்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி, தள்ளி வசித்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. வாடகை குறைவு என்று மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கம் போய்விடாதீர்கள், அங்கே அனல் மின் நிலையங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

அன்புடன்.