தேனீ நோய் பற்றிய ஆராய்ச்சியால் ஐந்து பெட்டி வைத்திருப்பவருக்கு என்ன பயன்?

கேள்வி: "தேனீக்களின் ஆரோக்கியத்துக்காக உலகெங்கும் விஞ்ஞானிகள் உழைக்கிறார்கள் என்று படிக்கிறோம். வீட்டில் ஐந்து பெட்டி வைத்திருக்கும் சாதாரண ஆளுக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா?"

உண்டு. அடுத்த ராணியை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்பதை நான் அந்த ஆராய்ச்சியை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். இது எங்கள் குடும்பம் பெரிய இழப்புக்குப் பிறகு கற்றுக்கொண்டது.

எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில் தளிரின் காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். எங்கள் தேனில் பெரும்பங்கு அந்த இலையிலிருந்து வருவது. பூவிலிருந்து வருவது குறைவு. அப்பாவிடம் நியூட்டன் என்ற வகைத் தேனீப் பெட்டிகள் அறுபது இருந்தன. எல்லாவற்றிலும் நாட்டு அடுக்குத் தேனீதான். 1991-92இல் தென்னிந்தியா முழுவதும் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவியது. நாட்டுத் தேனீயைத் தாக்கும் அந்த வகை 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் அந்த நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். தென்னகத்துப் பெட்டிகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. எங்கள் அறுபதில் மிஞ்சியவை நான்கு.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பெட்டிக்குள் தேனீ அடை கட்டும் மரச் சட்டம் ஒன்றை அப்பா தூக்கி வெயிலில் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. மெழுகு மூடியில் ஆங்காங்கே ஓட்டை. உள்ளே புழுக்கள் மல்லாந்து, தலையை மேலே தூக்கியபடி செத்துக் கிடந்தன. ஈர்க்குச்சியால் ஒன்றை நெம்பி எடுத்தார். புழு வரவில்லை, தண்ணீர் நிறைந்த ஒரு சிறு பை வந்தது. தோல் மட்டும் மிஞ்சி, உள்ளே எல்லாம் கரைந்து நீராகியிருந்தது. அடுத்த வாரம் அந்தப் பெட்டியின் தேனீக்கள் கூட்டைக் கைவிட்டுப் பறந்துவிட்டன.

யாரோ சொன்னார்கள் என்று அப்பா ஆன்டிபயாடிக் பொடியைச் சர்க்கரைப் பாகில் கரைத்து வைத்தார். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. அது போதாதென்று, நலிந்த பெட்டிகளைக் காப்பாற்ற நோய்ப் பெட்டியின் சட்டங்களை மாற்றி மாற்றி வைத்தார். நோயைத் தன் கையாலேயே பரப்பிவிட்டோம் என்று பின்னாளில் தெரிந்தபோது அவர் பட்ட வேதனையை நான் பார்த்திருக்கிறேன். நோய் கண்ட அடையை அப்புறப்படுத்து, சில நாள் ராணியை அடைத்து முட்டையிடுவதை நிறுத்து, சட்டத்தைப் பெட்டி மாற்றாதே என்ற மூன்று வார்த்தை அன்று அவருக்குத் தெரிந்திருந்தால் அறுபதில் பாதியாவது நின்றிருக்கும் என்பது என் நம்பிக்கை.

இந்த நோய்க்கு மருந்து இன்றும் இல்லை. பிறகு தேனீ எப்படித் திரும்பி வந்தது? மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் நோயைத் தாங்கி நின்ற கூட்டங்கள் சில இருந்தன. அவற்றைப் பிடித்து வந்து பெருக்கினோம். எங்கள் நான்கு பெட்டிகளும் அப்படித் தாங்கி நின்றவைதான். அவை ஏன் நின்றன என்று அப்பாவுக்குத் தெரியாது. அதை விளக்க ஒரு வழி காட்டிய ஆராய்ச்சி, எங்கோ அமெரிக்காவில், வேறொரு தேனீயில், வேறொரு நோய்க்காக நடந்தது.

வால்டர் ரோத்தன்பூலர் என்பவர் 1964இல் வெளியிட்ட ஆய்வு அது. அங்குள்ள ஐரோப்பியத் தேனீயின் புழுக்களை ஒரு பாக்டீரியா அழுக வைக்கும். சில கூட்டங்களில் வேலைக்காரத் தேனீக்கள் செத்த புழுவின் அறையை மோப்பம் பிடித்து, மூடியைக் கடித்துத் திறந்து, புழுவை இழுத்து வெளியே போட்டுவிடும். சில கூட்டங்கள் அப்படியே விட்டுவிடும், நோயும் பரவும். இரண்டையும் அவர் கலப்பு செய்து பார்த்தார். சில கூட்டங்கள் மூடியைத் திறந்தன, ஆனால் புழுவை எடுக்கவில்லை. வேறு சில கூட்டங்களுக்கு மூடி திறக்கத் தெரியவில்லை. இவரே திறந்துவிட்டால் மட்டும் எடுத்துப் போட்டன! ஒரே வேலை என்று நாம் நினைப்பது இரண்டு தனித்தனிக் குணங்கள், அவை பரம்பரையாக வருபவை என்று அதிலிருந்து அவர் கண்டார். இரண்டு மரபணுக்களோடு முடிகிற விஷயமல்ல என்று பின்வந்தவர்கள் காட்டினார்கள். அது அவர் பெருமையைக் குறைக்காது.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மார்லா ஸ்பிவாக் இதைத் தேனீ வளர்ப்பவர் கையில் கொண்டுவந்து கொடுத்தார். மூடிய அடையில் ஒரு வட்டத்தைத் திரவ நைட்ரஜன் ஊற்றி உறைய வைத்து, மறுநாள் எத்தனை அறை சுத்தமாகியிருக்கிறது என்று எண்ணும் முறை அது. நம் ஊரில் திரவ நைட்ரஜனுக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருக்கிறது. வேளாண் கல்லூரியிலிருந்து வந்த பூச்சியியல் ஆசிரியர் ஒருவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். மூடிய கூட்டுப்புழு அறைகள் நூறை எண்ணி, மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றையும் குத்த வேண்டும். சட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டு இருபத்துநான்கு மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். நூறு உயிரைக் குத்துவதற்கு எனக்கு இன்றும் கை கூசுகிறது. ஆனால் மறுநாள் அந்தச் சட்டத்தைத் தூக்கும்போது, குத்திய இடமெல்லாம் துடைத்து வைத்த கிண்ணம் போலக் காலியாக மின்னும் பெட்டியையும், பாதி அறைகள் அப்படியே கிடக்கும் பெட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் வேறு விளக்கமே தேவையில்லை.

நம் தேனீயிடமிருந்து அவர்கள் கற்றுக்கொள்வதும் உண்டு. ஐரோப்பியத் தேனீயின் பெரும் பகை வரோவா என்ற உண்ணி. அது நம் ஆசிய அடுக்குத் தேனீயிடமிருந்து தாவிப் போனது. நம்மிடம் அது பெரும்பாலும் ஆண் தேனீயின் அறையில் மட்டுமே பெருகுவதால் கூட்டத்தை அழிப்பதில்லை. அங்கே வேலைக்காரத் தேனீயின் அறைகளிலும் பெருகி மொத்தக் கூட்டத்தையும் சாய்க்கிறது. அந்த உண்ணி தேனீயின் இரத்தத்தைக் குடிக்கிறது என்றுதான் பல பத்தாண்டுகளாக எழுதிவந்தார்கள். சாமுவேல் ராம்சே என்ற இளம் ஆய்வாளர் தேனீயின் இரத்தத்துக்கு ஒரு நிறமும் கொழுப்புத் திசுவுக்கு வேறொரு நிறமும் ஏற்றி, உண்ணியின் வயிற்றில் எது சேர்கிறது என்று பார்த்தார். பெரும்பாலும் சேர்ந்தது கொழுப்புத் திசு. 2019இல் வெளிவந்த ஆய்வு இது. நமக்குக் கல்லீரல் செய்யும் வேலைகள் பலவற்றைத் தேனீக்கு அந்தத் திசுதான் செய்கிறது. உண்ணி பிடித்த தேனீ பல நோய்களுக்கு இளைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2023 ஜனவரியில் அமெரிக்கா தேனீக்கான தடுப்பூசி ஒன்றுக்கு நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது. ஊசி என்று பெயரே தவிர, ராணிக்கு உணவு வழியே போவது. ஆனால் அது மேலே சொன்ன பாக்டீரியா நோய்க்கானது. நம் சாக்புரூட்டுக்கு உதவாது.

உங்கள் ஐந்து பெட்டிக்கு வருகிறேன். ஊசிச் சோதனையை இரண்டு மூன்று முறை செய்து, நன்றாகச் சுத்தம் செய்யும் பெட்டியிலிருந்து மட்டும் ராணி எடுங்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். புது ராணி வானில் பறந்து பல ஆண் தேனீக்களோடு கலக்கும். அந்த ஆண் தேனீக்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டியிலிருந்தும் வரும். ஒருவர் மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்தால் அந்தக் குணம் இரண்டு மூன்று தலைமுறையில் நீர்த்துவிடும்.

அதனால்தான் சுற்றுவட்டாரத்தில் பெட்டி வைத்திருக்கும் பதினோரு பேரும் போன ஆண்டு முதல் ஒரே வாரத்தில் சோதனை செய்து, கணக்கை ஒரே நோட்டில் எழுதுகிறோம். இந்த முறை முதலிடம் என் பெட்டிக்கு இல்லை, ஆற்றங்கரைத் தோட்டத்து அக்காவின் மூன்றாம் பெட்டிக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ராணி அறைகள் முற்றியதும் ஆளுக்கு ஒன்று வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாசியில் போய் வாங்கி வர வேண்டும்.