கடல் இரையும்போது தூக்கம் வரவில்லை

கேள்வி: எங்கள் வீடு குளச்சலுக்குப் பக்கம். 2004 சுனாமியில் என் அண்ணனைக் கடல் கொண்டுபோனது. அப்போது எனக்குப் பதினொரு வயது. இப்போது என் கணவர் ராத்திரி முழுக்கக் கடைசிக் கால வீடியோக்களைப் பார்க்கிறார். ‘முடிவு வந்தாச்சு, இனி எதுக்கு வீடு’ என்று வீட்டுவேலையை நிறுத்திவிட்டார். அஸ்திவாரக் குழியில் மழைத்தண்ணீர் கட்டிக் கிடக்கிறது. ‘சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்’ என்ற பைபிள் வசனத்தைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மகளும் பயப்படுகிறாள்.

பதில்: தங்கச்சி, அண்ணனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு அந்த வசனம் வெறும் எழுத்து இல்லை, அலையின் சத்தமேதான். உங்கள் பயத்தை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அது லூக்கா 21-ல் 25-ஆம் வசனம். மூன்று வசனம் தள்ளி வாசியுங்கள்: ‘உங்கள் மீட்பு சமீபமாயிருப்பதால், நீங்கள் நிமிர்ந்துபார்த்து, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்.’ பயந்து குனிந்தவர்களைப் பார்த்து இயேசு சொன்னது அது. வீடியோக்காரர்கள் 25-லேயே நின்றுவிடுகிறார்கள். அதே அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தை உங்கள் கணவருக்குக் காட்டுங்கள். ‘காலம் சமீபித்தது’ என்று சொல்லி வருகிறவர்களின் பின்னால் போகாதீர்கள் என்று அங்கேயே இருக்கிறது.

அப்புறம் எரேமியா 32. எனக்கு மிகவும் பிடித்த இடம். பாபிலோன் படை எருசலேமை வளைத்து நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்னவரே தீர்க்கதரிசி எரேமியாதான். அதற்காகத்தான் காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சி வைத்துப் பத்திரம் எழுதுகிறார், அது நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்பது கர்த்தருடைய வாக்கு. நகரம் விழத்தான் செய்தது. ஆனால் சிறைபோனவர்கள் திரும்பியும் வந்தார்கள். தீர்க்கதரிசனத்தை நம்பிய மனுஷன் செய்த வேலை நிலம் வாங்கியது, தங்கச்சி!

சுனாமிக்குச் சில மாதம் கழித்து உங்கள் கரைக்கு வந்திருந்தேன். மணலில் புதைந்துகிடந்த வலையைத் தோண்டி எடுத்து, ஒரு அம்மா கண்ணி கண்ணியாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் இழப்பு இல்லாதவர் இல்லை அவர். எரேமியா 32-ஐ வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கைகள்தான் என் கண்ணில் நிற்கின்றன.

சரி, இனி செய்யவேண்டியது. ராத்திரி போனை வேறு அறையில் வையுங்கள். ஆனி, ஆடியில் கடல் வருஷாவருஷம் இப்படித்தான் இரையும் என்று மகளுக்குச் சொல்லுங்கள். பகலில் அவளைக் கைப்பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போங்கள். அதற்குப் பிறகும் தூக்கம் வராவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தோடு மருந்தும் சேரலாம், தப்பில்லை.

மழை விட்டதும் குழித் தண்ணீரை இறைத்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். வீட்டுப் பக்கத்தில் மகள் கையாலேயே ஒரு தென்னம்பிள்ளை வைக்கச் சொல்லுங்கள். காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். முதல் குலை தள்ளியதும் எனக்கு எழுதுங்கள்.