இரும்பைக் குறைக்கும் மாத்திரை எதிர்ப்பு சக்தியையும் குறைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 3,400 வந்ததால், இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸோடு டெஃபெரிப்ரோன் மாத்திரையும் சேர்த்திருக்கிறார்கள். அது வெள்ளையணுக்களைக் குறைத்து எதிர்ப்பு சக்தியைக் கெடுத்துவிடும் என்று ரத்தம் ஏற்ற வரும் இன்னொரு குழந்தையின் அம்மா சொன்னார். நிறுத்திவிடலாமா? – ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம் அம்மா. அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடல் தானாக வெளியேற்றுவதோ நாளுக்கு 1 மில்லிகிராம் அளவுதான். மிச்சம் இதயத்திலும் கல்லீரலிலும் படிகிறது. கிருமிகளுக்கும் இரும்பு பிடித்த தீனி. கிருமியை விழுங்கவேண்டிய வெள்ளையணுவும் இரும்பு மிகுந்தால் மந்தமாகிவிடும். ஆக, மருந்தை விட்டாலும் எதிர்ப்பு சக்திக்கு நஷ்டம்தான்.

இனி மருந்தின் பக்கம். டெஃபெரிப்ரோன் சாப்பிடும் 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அறவே வற்றிப்போகலாம். இன்னும் சிலருக்கு ஓரளவு குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மீண்டுவிடும். கண்டுபிடிக்கத் தாமதமானால்தான் உயிருக்கு ஆபத்து. அதற்காகத்தான் ஆரம்ப மாதங்களில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை. ஊசிக்குப் பையன் அழுகிறான் என்று ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ரிப்போர்ட்டை நீங்களே பார்க்கலாம். மொத்த வெள்ளையணு 4,000, நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்று இருந்தால், 4,000-இல் 30 சதவீதம் 1,200. இதுதான் நியூட்ரோஃபில் எண்ணிக்கை. இந்த எண்ணிக்கை, இந்த உதாரணத்தில் போல, 1,500-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். 500-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அதன்பின் அந்த மாத்திரையை மறுபடி தொடங்குவதில்லை.

காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த வேளை டெஃபெரிப்ரோன் தராதீர்கள். அன்றே, இரவானாலும், ரத்த எண்ணிக்கை பார்த்தாக வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்பது நம் வீடுகளில் வழக்கம். இந்தக் குழந்தைகளிடம் அது கூடவே கூடாது. மண்ணீரல் எடுத்த குழந்தை என்றால் இன்னும் அவசரம். நிமோனியா போன்ற தொற்றைத் தரும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

சிலருக்கு இரும்பை வெளியேற்ற டெஸ்ஃபெராக்ஸமின் ஊசி போடுவார்கள். அது வெள்ளையணுவைப் பெரிதாகத் தொடாது. ஆனால் யெர்சினியா என்ற குடல் பாக்டீரியாவும், 2021-இல் நாமெல்லாம் பயந்த கரும்பூஞ்சையும் அந்த மருந்தின் வழியாகவே இரும்பை உறிஞ்சிக்கொள்ளும். விசித்திரம்தான். அதனால் அந்த ஊசி போடும் குழந்தைக்குக் காய்ச்சலோடு வயிற்று வலி, பேதி வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் மகனின் இரண்டு மாத்திரைகளிலும் இந்தத் தொல்லை இல்லை. டெஃபெராசிராக்ஸுக்கு முக்கியமாகக் கண்காணிக்க வேண்டியவை சிறுநீரகமும் கல்லீரலும்.

அப்புறம், டெஃபெரிப்ரோனால் சிறுநீர் செம்பழுப்பாகப் போகலாம். வெளியேறும் இரும்பின் நிறம் அது, பயப்பட வேண்டாம். இம்மருந்துகள் துத்தநாகத்தையும் கொஞ்சம் இழுத்துச் செல்லும்; அதுவும் எதிர்ப்பு சக்திக்குத் தேவை. அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போகும்போது ஜிங்க் (துத்தநாகம்) அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கும் சத்து டானிக்கில் ஜிங்க்கோடு இரும்பும் சேர்ந்திருக்கலாம், அது வேண்டாம்.