கப்பல் ஸ்லைடுகளைப் பிரிக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒரு பழைய மரப்பெட்டி கைக்கு வந்திருக்கிறது. உள்ளே பாய்மரக் கப்பல்கள், நீராவிக் கப்பல்கள், துறைமுகங்கள் என்று கண்ணாடி ஸ்லைடுகள். ஓரத்தில் ஒட்டிய கறுப்புத்தாள் பலவற்றில் உரிந்துவிட்டது. தாளை எடுத்துவிட்டுக் கழுவி, அழகானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

கழுவவே வேண்டாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின் பூச்சு. தண்ணீர் இறங்கினால் ஊறி உப்பிவிடும். கையால் தீட்டிய வண்ணம் இருந்தால் அதுவும் போய்விடும். ஓரங்களில் நீலம் பாய்ந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் தேய்க்காதீர்கள். படத்தில் இருந்த வெள்ளிதான் அப்படி மேலே வந்திருக்கிறது. வெளிப்பக்கத் தூசியை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

விற்பது பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: பிரிக்காதீர்கள். இப்படித் தொகுப்பாக வரும் ஸ்லைடுகள் பெரும்பாலும் சொற்பொழிவுக்காகச் செய்யப்பட்டவை. ஒருவர் பேசப் பேச, லாந்தர் (ஸ்லைடைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் விளக்குக் கருவி) அருகில் நிற்பவர் ஒவ்வொன்றாக மாற்றுவார். எந்தப் படத்துக்குப் பின் எது என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

துருவப் பயணி ஷாக்கில்டனின் அன்டார்க்டிக் பயணத்தில் படமெடுத்த ஃபிராங்க் ஹர்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1915-இல் ‘எண்டூரன்ஸ்’ கப்பல் பனியில் நொறுங்கியபோது அவர் படமெடுத்திருந்த கண்ணாடித் தகடுகளில் சுமார் 120-ஐ வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 400-ஐ உடைத்துப் போட்டார்கள். பிறகு கையிலிருந்தது ஒரு சிறிய கேமராவும் கொஞ்சம் ஃபிலிமும்தான். அதில் எடுத்த ஒரு படம், 1916 ஏப்ரலில், அவர்கள் ஒதுங்கியிருந்த எலிஃபண்ட் தீவிலிருந்து ‘ஜேம்ஸ் கெயர்ட்’ படகு உதவி தேடிப் புறப்பட்ட காட்சி. அதையே பின்னால் திருத்தி, ஆகஸ்டில் மீட்புக்கு ஆள் வந்த காட்சியாகக் காட்டினார்கள். கரையில் கையசைப்பவர்கள் வழியனுப்புகிறார்களா, வரவேற்கிறார்களா? படத்தை மட்டும் தனியாகப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது.

அதனால் முதல் வேலையாக, பெட்டியில் இருக்கும் வரிசையிலேயே ஒவ்வொன்றையும் கறுப்புத்தாள், எண், கையெழுத்து எல்லாம் தெரிய இருபுறமும் படமெடுங்கள். பெரும்பாலும் ஒரு மூலையில் சிறிய வெள்ளைப் பொட்டு இருக்கும். அது இடது கீழ் மூலையில் வரும்படி பிடித்தால் படம் நேராகத் தெரிய வேண்டும். கப்பலின் பெயர் அப்போதும் தலைகீழாகவோ இடவலம் மாறியோ இருந்தால், யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கலாம். அதையும் குறித்துவையுங்கள்.

அப்புறம், பழைய லாந்தரில் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம், அந்தச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். அடியிலிருந்து வெளிச்சம் தரும் ஒளிப்பலகையே போதும்.

விரிசல் விட்டதையும் தூக்கி எறியாதீர்கள். நடுவில் ஏதாவது எண் விட்டுப்போயிருந்தால், அந்த இடத்தில் எண்ணை எழுதி ஓர் அட்டையைச் செருகிவையுங்கள். இதே தொகுப்பின் மீதி வேறொருவரிடம் இருந்தால், அந்த எண்ணை வைத்துத்தான் சேர்த்துப் பார்க்க முடியும்.

அன்புடன்.