விவசாய வணிகமும் விலை அபாயமும்: வேலைக்கு வர நினைப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: பி.எஸ்சி. வேளாண்மை முடிக்கப் போகிறேன். விலை அபாய மேலாண்மைக்குள் நுழைய எம்.பி.ஏ. படிக்கட்டுமா, வேலைக்குப் போகட்டுமா?

பதில்: முதலில் வேலை. அதுவும் திரை முன்னால் உட்காரும் வேலை இல்லை. கொள்முதல், கிடங்கு, தரம் பார்ப்பது. ஒரு சின்னக் கணக்கு: 18 சதவீத ஈரப்பதத்தில் 100 டன் மக்காச்சோளம் வாங்கி 15 சதவீதத்துக்கு உலர்த்தினால் எவ்வளவு மிஞ்சும்? சட்டென்று 97 டன் என்று சொல்லத் தோன்றும். ஈரம் போக உள்ள எடை 82 டன், அதை 0.85-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 96.5 டன்தான். அந்த அரை டன்னை வாங்கும் விலையிலேயே கழிக்காவிட்டால், அப்புறம் எத்தனை சாமர்த்தியமாக ஹெட்ஜ் (விலை ஏற்ற இறக்கத்துக்கு எதிரான காப்பு) செய்தாலும் அது திரும்பி வராது. எம்.பி.ஏ. எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: ஹெட்ஜிங் என்றால் விலை ஏறுமா இறங்குமா என்று சரியாகக் கணிப்பதுதானே?

பதில்: கணிக்காமல் பிழைப்பதற்குத்தான் ஹெட்ஜிங். அதற்கான கருவி ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதிக்கான சரக்குக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம். சிகாகோ சந்தையில் ஒரு மக்காச்சோள ஒப்பந்தம் 5,000 புஷல் (தானியத்துக்கான அமெரிக்க அளவு). உதாரணத்துக்கு, விவசாயியிடம் புஷல் 4.00 டாலருக்கு வாங்குகிறீர்கள். அன்றைக்கு டிசம்பர் ஃபியூச்சர்ஸ் 4.30. உடனே ஃபியூச்சர்ஸை விற்று வைக்கிறீர்கள். பிறகு விலை சரிகிறது: சரக்கை 3.75-க்கு விற்று, ஃபியூச்சர்ஸை 3.90-க்குத் திரும்ப வாங்குகிறீர்கள். சரக்கில் 25 சென்ட் நஷ்டம், ஃபியூச்சர்ஸில் 40 சென்ட் லாபம். நிகரம் 15 சென்ட், ஒப்பந்தத்துக்கு 750 டாலர். சரக்கு விலைக்கும் ஃபியூச்சர்ஸ் விலைக்கும் இருந்த இடைவெளி 30 சென்டிலிருந்து 15 ஆகச் சுருங்கியதால் வந்த பணம் இது. கிடங்கு வாடகை, வட்டி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். இந்த இடைவெளிக்குப் பெயர் பேசிஸ். லாரி கிடைக்கிறதா, கிடங்கு நிரம்பிவிட்டதா, பக்கத்து ஆலைக்கு அவசரமா என்பதைப் பொறுத்து அது ஆடும், எதிர்ப்பக்கமும் போகும். முதல் பதிலில் கிடங்கைச் சொன்னது இதனால்தான்.

கேள்வி: ஹெட்ஜ் செய்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா?

பதில்: 2008 மார்ச்சில் பருத்தி வியாபாரிகளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். கையில் சரக்கு, எதிரில் விற்று வைத்த ஃபியூச்சர்ஸ். பாடப்புத்தகம் சொன்னபடியே செய்திருந்தார்கள். ஃபியூச்சர்ஸ் விலை திடீரென்று எகிறியது, சரக்கு விலை கூடவே வரவில்லை. விற்று வைத்த ஃபியூச்சர்ஸின் விலை ஏறினால், அந்த நஷ்டத்துக்கு ஈடாகச் சந்தையில் வைக்கும் மார்ஜின் பணத்தை அன்றன்றைக்குக் கட்டியாக வேண்டும். பஞ்சு விற்றால்தான் காசு. கட்ட முடியாமல் சிலர் தொழிலையே விட்டார்கள். வேலைக்கான நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: மார்ஜினுக்கு வங்கிக் கடன் வரம்பு எவ்வளவு, அதை யார் தினமும் கவனிக்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் நான் அந்த வேலையை எடுக்க மாட்டேன்.

கேள்வி: நான் பி.காம். வயல் பக்கமே போனதில்லை. வாய்ப்பு உண்டா?

பதில்: தாராளமாக. ஒப்பந்தம், மார்ஜின், தினசரி இருப்பு நிலை ஆகியவற்றைச் சரிபார்க்கும் பிரிவில் சேருங்கள். எந்த முடிவு எங்கே காசாகிறது என்பது அங்கேதான் தெரியும். கூடவே, அமெரிக்க வேளாண் துறை மாதந்தோறும் இலவசமாக வெளியிடும் உலக அளிப்பு, தேவை அறிக்கையைப் படியுங்கள். ஒரே பயிர், அதன் இறுதி இருப்பு (பருவ முடிவில் மிஞ்சும் சரக்கு) வரிசை மட்டும் போதும். எண் மாறிய மாதத்தில், ஏன் மாறியது என்று ஒரு பத்தி எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: சொந்தப் பணத்தில் கமாடிட்டி டிரேடிங் செய்து லாபம் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் லாபத்தைப் பெருமையாக எழுதாதீர்கள். ஹெட்ஜ் செய்யும் நிறுவனத்துக்கு வரம்பை மீறாத ஆள் வேண்டும். எங்கே நிறுத்தினீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

கேள்வி: பைதான் நிரல்மொழி கட்டாயமா?

பதில்: முதலில் எக்ஸெல்.

கேள்வி: விவசாயிகளிடம் பேசவும் தெரிய வேண்டுமா?

பதில்: கொள்முதலில் அதுதான் பாதி வேலை. “இப்போதே விற்கவா, வைத்திருக்கவா?” என்று கேட்பார்கள். விலை ஆருடம் சொல்லாதீர்கள். கடன் தவணை எப்போது, சாகுபடிச் செலவு எவ்வளவு, வைக்க உலர்ந்த இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். தவணை அடுத்த மாதம் என்றால், அந்தத் தொகைக்கான சரக்கை இப்போதே விற்கச் சொல்லி, மீதியைப் பற்றித் தனியாகப் பேசலாம்.