திருகோணமலைக்குக் குடிவருகிறீர்களா? எந்தப் பக்கம் வீடு பார்ப்பது

திருகோணமலை நகரை உள்ளடக்கிய 'பட்டினமும் சூழலும்' பிரதேச செயலகப் பிரிவில் நான் கிராம உத்தியோகத்தராக இருந்த காலத்தில், வெளி மாகாணத்திலிருந்து வருபவர்கள் முதலில் என்னிடம் வருவது வதிவிடச் சான்றிதழுக்குத்தான். முத்திரை குத்தி முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு மெல்லக் கேட்பார்கள்: "ஐயா, இந்தப் பக்கம் வீடு எடுத்தது பிழையோ?" ஒரு வருட முற்பணத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்கிற கேள்வி அது. ஓய்வுபெற்ற பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன, அதுவும் காசு கொடுப்பதற்கு முன்பே. அந்த மட்டில் சந்தோஷம். அண்மையில் வந்த சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கணவருக்கு அரச திணைக்களமொன்றில் திருகோணமலைக்கு இடமாற்றம். மகனுக்கு அடுத்த தை மாதம் முதலாம் வகுப்பு. பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் அனுமதி கிடைக்குமா? (வவுனியா)

பக்கத்தில் வீடு எடுத்தால் மட்டும் கிடைக்காது தங்கச்சி. பெயர்பெற்ற பாடசாலைகளில் முதலாம் வகுப்பு இடங்களில் பாதி அருகில் வசிப்பவர்களுக்குத்தான், அது உண்மை. ஆனால் அந்தப் பாதிக்குள் வருவதற்குப் புள்ளி கணக்கிடுவார்கள். கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சொந்தப் பெயரில் காணி உறுதி உள்ளவருக்குக் கூடிய புள்ளி, வாடகை ஒப்பந்தக்காரருக்கு அதைவிடக் குறைந்த புள்ளி. உங்கள் வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலை இருந்தால் அதற்கும் வெட்டு விழும். நேற்று வந்து இன்று வாடகைக்கு இருப்பவர் இந்தக் கணக்கில் தேறுவது கடினம்.

உங்களுக்குப் பொருந்துவது வேறு வழி. சேவைத் தேவையின் பேரில் இடமாற்றம் பெற்று வரும் அரச ஊழியர்களின் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு நான்கு இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். சொந்த விருப்பில் கேட்டு வாங்கிய மாற்றம் அதில் சேராது. ஆகவே கணவரின் இடமாற்றக் கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வீடு பார்ப்பதைவிட அது அவசரம். சுற்றறிக்கை வருடா வருடம் கொஞ்சம் மாறும், விண்ணப்பம் முந்திய வருடத்தின் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடும்.

சரி, வீடு. கோணேஸ்வரா இந்து, சண்முகா, சூசையப்பர், மரியாள் எல்லாம் நகருக்குள் கிட்டக் கிட்டத்தான் இருக்கின்றன. உவர்மலையில் விவேகானந்தா இருக்கிறது. மாகாண அலுவலகங்கள் உவர்மலை, உட்துறைமுக வீதி, வரோதயநகர் என்று பிரிந்து கிடப்பதால், கணவரின் அலுவலகம் எது என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள். உவர்மலை மேடான இடம், அமைதி. அதற்கேற்ற வாடகையும் உண்டு. (பெயரில் உவர் இருக்கிறதே, தண்ணீர் உப்பா என்று ஒருவர் கேட்டார். ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்பதைத்தான் நாங்கள் உவர்மலை என்கிறோம்.) அங்கே கட்டாது என்றால் வரோதயநகர், லிங்கநகர், அன்புவழிபுரம் பாருங்கள். காலை ஏழு மணிக்கு அநுராதபுரச் சந்தியைக் கடக்க வேண்டிவருமா என்பதை ஒருநாள் நேரில் ஓடிப் பாருங்கள்.

நானும் மனைவியும் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவர்கள். கொழும்பு அலுத்துவிட்டது. நிலாவெளியில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு வாடகைக்கு வருகிறது, படங்கள் அருமை. எடுக்கலாமா? (வெள்ளவத்தை)

படம் எந்த மாதம் எடுத்தது என்று கேட்டீர்களா? ஜூலையில் எடுத்திருப்பார்கள். எங்கள் பக்கக் கடல் மே தொடக்கம் செப்டம்பர் வரை குளம் மாதிரிக் கிடக்கும். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றோடு வந்து பாருங்கள். அதே கடல் இரவு முழுக்க இரையும், ஜன்னல் கண்ணாடியில் உப்பு படியும். கதவுப் பிணைச்சல், ஏசி வெளிப்பெட்டி, மோட்டார் சைக்கிள் செயின் எல்லாம் துருப்பிடிக்கும். கணினிக்கும் அது நல்லதல்ல.

அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். கரையோர மணலில் இறங்கும் மழைநீர் அடியில் உள்ள உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. மோட்டார் போட்டு இழுக்க இழுக்க அந்தப் படை மெலிந்து கீழிருந்து உப்பு ஏறும். பக்கத்தில் இரண்டு விடுதிகள் இருந்து நாள் முழுக்க இழுத்தால், உங்கள் கிணறும் சேர்ந்தே கெடும். மலக்குழி கிணற்றுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் கால்நடையாக அளந்து பாருங்கள். ஆவணி, புரட்டாதியில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் இனிக்கும். குழாய் நீர் கந்தளாயிலிருந்து சுத்திகரித்து வருகிறது. நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு இணைப்பு இருக்கிறதா, எந்த நேரத்தில் வருகிறது என்று வீட்டுக்காரரிடம் அல்ல, அயல்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

மூன்றாவது, சீசன். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஒரு அறையை நாள் வாடகைக்கு விட்டால் வருகிற காசு உங்கள் மாத வாடகையை விழுங்கிவிடும். ஐப்பசியில் அன்பாகக் குடிவைத்துவிட்டு, சித்திரை பிறந்ததும் "மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறா" என்று எழுப்பிய கதை எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்று. எழுத்தில் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும், 1840இலிருந்தே அதுதான் சட்டம். கையால் எழுதி முத்திரை ஒட்டிய கடதாசி வழக்கில் கைகொடுக்காது.

2004 சுனாமியில் நிலாவெளியும் குச்சவெளியும் பட்டதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இரவில் எந்தப் பாதையால் மேட்டுக்குப் போவது என்று தெரியாமல் கரையில் படுக்கவேண்டாம். என் யோசனை: அலஸ்தோட்டத்திலோ உப்புவெளியிலோ பிரதான வீதிக்கு மேற்குப் பக்கம் ஒரு வீடு. கடலுக்கு நடந்தே போகலாம், நகரம் ஐந்தாறு கிலோமீற்றர்தான்.

வேலை சீனக்குடாத் தொழிற்சாலையொன்றில், ஷிப்ட் முறை. நகரில் இருப்பதா, அங்கேயே இருப்பதா? (குருநாகல்)

தனி ஆள் என்றால் சீனக்குடாவிலேயே அறை எடுங்கள். குடும்பம் என்றால் பாலையூற்றுப் பக்கம். பிள்ளைகள் நகருக்குள் படிக்கலாம், நீங்கள் நகர நெரிசலுக்குள் போகாமலே கண்டி வீதியால் வேலைக்கு இறங்கலாம். இரவு ஷிப்ட் முடிந்து பஸ்சை நம்பவேண்டாம், மோட்டார் சைக்கிள் ஒன்று தேவைப்படும்.

பிறந்து வளர்ந்தது எல்லாம் மலைநாடு. உங்கள் ஊர் வெயில் தாங்குமா? எந்த இடம் குளிர்மை? (ஹட்டன்)

குளிர்மை என்று ஓர் இடமும் இல்லை தம்பி, வெக்கை குறைந்த வீடு என்று வேண்டுமானால் தேடலாம். நாலாயிரம் அடி உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்குகிறீர்கள். உங்கள் தோட்டங்களில் மழையாகக் கொட்டுகிற அதே தென்மேற்குக் காற்று, மலையைத் தாண்டி எங்களிடம் வரும்போது ஈரமெல்லாம் தீர்ந்து வறண்டு சுடுகிறது. அதைத்தான் கச்சான் காற்று என்கிறோம். வைகாசி தொடங்கி ஆவணி வரை அது அடிக்கும். ஆகவே மேற்குச் சுவரில் வேம்போ மாவோ நிழல் போடுகிற வீடாகப் பாருங்கள். பின்னேரம் கடற்காற்று உள்ளே வர கிழக்கே ஜன்னல் வேண்டும். கூரை ஓடாக இருக்கட்டும். அஸ்பெஸ்டஸ் தகட்டுக்குக் கீழே, சீலிங் இல்லாமல், மதியம் ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு வாடகை பேசுங்கள். வீடு பார்க்கக் காலையில் கூட்டிப்போகும் தரகரிடம் "மத்தியானம் வாறேன்" என்று சொல்லுங்கள், முகம் மாறுவது தெரியும்.

இன்னொன்று. உங்களுக்கு மழை ஆனி ஆடியில், எங்களுக்கு ஐப்பசிக்குப் பிறகு. கோடையில் பார்த்த பள்ளக் காணி மார்கழியில் குளமாக இருக்கும். சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கன்னியா தாண்டி இருபது பேர்ச் காணி மலிவாக வருகிறது. அரச அனுமதிப்பத்திரக் காணி, ஆனால் பிரச்சினை இல்லை, கைமாற்றி எழுதித் தருவோம் என்கிறார்கள். வாடகை கொடுப்பதைவிட வாங்குவது நல்லதுதானே? (யாழ்ப்பாணம்)

முதலில் கணக்கு: உங்கள் ஊர் ஒரு பரப்பு எங்கள் பத்துப் பேர்ச். அதாவது இரண்டு பரப்பு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஓர் ஏக்கர்.

இனி மற்றது. "பிரச்சினை இல்லை" என்ற சொல்லை என் மேசையில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, குடியிருந்து பயிர் செய்ய அரசு தந்தது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க அனுமதிப்பத்திரக்காரருக்கு உரிமையில்லை, வாங்கினால் உங்களுக்கும் உரிமை வராது. அற்றோணித் தத்துவம் எழுதித் தருகிறேன், சத்தியக் கடதாசி தருகிறேன் என்பதெல்லாம் உங்கள் காசை அவர் பைக்குள் வைக்கும் வழிகள். அவர் கண்மூடினால் காணி அவருடைய பின்னுரித்தாளருக்கு. நீங்கள் கட்டிய வீடு அதன் மேல் நிற்கும், அவ்வளவுதான்.

உறுதிக் காணி என்றாலும் ஓடிப்போய் வாங்காதீர்கள். இந்த மாவட்டத்தில் எண்பதுகளில் தொடங்கி 2009 வரை ஊர்கள் எழும்பிப் போய்த் திரும்பி வந்தன, சில திரும்பவே இல்லை. உரிமையாளர் கனடாவில் இருப்பார், இங்கே ஒருவர் வேலி போட்டு இருபது வருடம் ஆண்டிருப்பார். போரால் வழக்குத் தொடுக்க முடியாமல் போனவர்களுக்காக 2016இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத் தேடுதல், உங்கள் பக்க சட்டத்தரணி, நீங்களே பிடித்த நில அளவையாளர். எல்லைக் கல்லைத் தொட்டுப் பாருங்கள். வனம், தொல்பொருள், கடற்படை என்று யாருடைய கல்லாவது அருகில் நிற்கிறதா என்று அந்தப் பிரிவுக் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவர் எரிச்சல்பட்டாலும் கேளுங்கள். நாங்கள் எரிச்சல்படுவது வேலைப்பளுவால்.

வாங்குவதா வாடகையா என்று கேட்டீர்கள். ஒரு கச்சானும் ஒரு வாடையும் வாடகை வீட்டில் கழியுங்கள். அதற்குள் எந்தப் பக்கம் உங்களுக்குப் பிடிக்கிறது என்பது மாறியிருக்கும், பலருக்கு மாறியிருக்கிறது.

நான் கண்டியில் வேலை. வயதான அப்பா அம்மா கோணேசர் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறார்கள். கோயிலுக்கு நடக்கும் தூரத்தில் வீடு கிடைக்குமா? (கண்டி)

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்குக் கோட்டை வாசலால் ஏறவேண்டும். அவர்கள் ஆசைப்படுவது நியாயம், முழங்கால் சம்மதிக்குமா என்பதுதான் கேள்வி. நாள்தோறும் நடந்து போக என்றால் பத்திரகாளி அம்மன் கோயிலை அண்டிய தெருக்களில் பாருங்கள். சமதரை, கடைகள் கிட்ட. மாவட்டப் பொது வைத்தியசாலையும் நகருக்குள்ளேயே. கோணேசருக்கு வெள்ளிக்கிழமையில் ஒரு ஓட்டோவைப் பழக்கப்படுத்தி வையுங்கள். மேல்மாடி வாடகை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள், கீழ் வீடே வேண்டும். சில சிறப்புச் சிகிச்சைகளுக்கு மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ போகவேண்டி வரலாம் என்பதையும் யோசித்து வையுங்கள்.

தாதியாகத் திருகோணமலை வைத்தியசாலைக்கு நியமனம். சொந்தக்காரர் கிண்ணியாவில் இருக்கிறார்கள், அங்கேயே தங்கச் சொல்கிறார்கள். தூரமா? (புத்தளம்)

இருபது கிலோமீற்றர் அளவு. முன்பு தூரம்தான், 'பாதை'க்காகக் கரையில் காத்துக் கிடப்போம். அந்த மிதவைப் படகைத்தான் இங்கே பாதை என்பது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் பாலம் திறந்தபிறகு கிண்ணியா நகரத்தின் அயல் மாதிரி ஆகிவிட்டது. பகல் வேலைக்கு அது போதும், சொந்தங்களோடு இருக்கும் பலம் வேறு. இரவுக் கடமை அடிக்கடி விழும் என்றால் முதல் ஆறு மாதம் ஜமாலியாவில் ஓர் அறை எடுத்துவிட்டு, விடுமுறை நாட்களில் கிண்ணியா போங்கள் மகள்.

வீட்டுத்தோட்டம் செய்ய ஆசை. நகருக்குள் முற்றம் உள்ள வீடு எடுத்தால் கீரை, கத்தரி வைக்கலாமா? (மட்டக்களப்பு)

வைக்கலாம், மான்கள் விட்டால். நகருக்குள் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன, படலை திறந்திருந்தால் முற்றத்துக்கே வந்துவிடும். என் வீட்டு அகத்தியை மூன்று தரம் மொட்டையாக்கின. இப்போது கீரையை மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன், குரங்கு வருகிறது.