ஆராதனையில் தூங்கிப்போனவருக்கு

கேள்வி: டிசம்பர் பிறந்தால் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அலுவலகத்தில் வருடக் கடைசிக் கணக்கு. வீட்டில் சுத்தம் செய்வது, பரிசு வாங்குவது, விருந்தாளிகளைக் கவனிப்பது எல்லாம் நானே. போன கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். மகள் தோளைத் தட்டி எழுப்பினாள். ஆண்டவருக்கு இடம் கொடுக்காமல் அவர் பிறந்த நாளைக் கொண்டாடுகிறேனோ என்று உறுத்துகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் தூக்கத்துக்காக உங்களையே தண்டித்துக்கொள்வதை நிறுத்துங்கள். இயேசு பிறந்த இரவில் அந்த நற்செய்தி யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பைபிளில் லூக்கா எழுதியிருக்கிறார். வயல்வெளியில் கண் விழித்து மந்தை காத்த மேய்ப்பர்களிடம். அவர்கள் வேலையை முடித்துவிட்டுக் கை கூப்பி உட்கார்ந்திருக்கவில்லை, வேலையில்தான் இருந்தார்கள். எல்லாம் முடியட்டும், பிறகு நிம்மதியாக ஜெபிக்கலாம் என்று நீங்கள் காத்திருந்தால் அந்தப் 'பிறகு' வரவே வராது. டிசம்பரில் வேலை முடிவதில்லை.

அடுத்தது கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் 'நாங்கள்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் கை கால் இல்லையா? இயேசு வீட்டுக்கு வந்தபோது மார்த்தாள் வேலையில் தவிக்க, அவள் சகோதரி மரியாள் அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லி, வேலை செய்கிற பெண்களைக் குற்றவாளியாக்கும் பிரசங்கங்களை நிறையக் கேட்டுவிட்டேன். ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, 'ஏன் கவலைப்படுகிறாய்' என்று அவளையே கேட்பது அநியாயம். மார்த்தாள் என்ன கேட்டாள்? எனக்கு உதவி செய்யச் சொல்லும் என்றுதானே கேட்டாள்! அந்த வாயை நீங்களும் திறங்கள். எழுப்பிவிட்ட மகளிடமிருந்தே தொடங்கலாம்.

யாரும் கேட்காத வேலை ஒன்றாவது உங்கள் பட்டியலில் இருக்கும். அதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் கால் மணி நேரம் கிடைத்தாலும் போதும்.

அதில் என்ன செய்வது? லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களை எடுங்கள். 80 வசனம், 52 வசனம், மொத்தம் 132. நாளுக்குப் பதினைந்து என்றால் ஒன்பதே நாள். படுக்கப் போகும்போது வேண்டாம், மறுபடியும் தூக்கம்தான் வரும். காலையில், போனைக் கையில் எடுக்கும் முன்பு, வாய்விட்டு வாசியுங்கள். நான் ஒவ்வொரு வருடமும் சகரியாவிடம் நின்றுவிடுவேன். வயதான ஆசாரியர். தன் முறை வந்ததால் தூபம் காட்டப் போனார், அங்கேதான் தேவதூதன் எதிரே நிற்கிறான். உனக்குப் பிள்ளை பிறக்கும் என்று அவன் சொன்னதை நம்ப முடியாமல் கேள்வி கேட்கிறார், பேச்சு நின்றுபோகிறது. பிள்ளை பிறந்து எட்டாம் நாள், பெயர் என்ன என்று கேட்டபோது பலகை வாங்கி எழுதிக் காட்டுகிறார். அத்தனை மாதம் பேச்சில்லாத ஒரு வீட்டிலிருந்துதான் லூக்கா தொடங்குகிறார். இதைப் படித்த காலைகளில் எனக்கும் அவ்வளவாகப் பேசத் தோன்றுவதில்லை.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் 25-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது என்று யார் சொன்னது? நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவே வரும் ஞாயிறு தொடங்கி நான்கு ஞாயிறுகள் காத்திருக்கும் காலம். பண்டிகையே 25-இல்தான் ஆரம்பம். அங்கிருந்து பன்னிரண்டு நாள் என்பது பழைய கணக்கு. எல்லாவற்றையும் ஒரே ராத்திரிக்குள் அடைக்கப் பார்த்ததால்தான் கண் சொருகியது. 26-ஆம் தேதி காலையில் விருந்தாளிகள் போயிருப்பார்கள், வீடு அமைதியாக இருக்கும். அன்றைக்கு உட்காருங்கள். குடிலை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகள் வந்து சேரும் திருநாள் ஜனவரி 6.